எலிகள் சார்பில் ஒரு நன்றி போஸ்டர்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தால் எங்கள் சந்தில் யாராவது பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள்.

பெருச்சாளியைக் கூண்டோடு ஸ்கூட்டரில் ஏற்றி, அதற்குக் காற்றுப் பட்டுவிடுமோ என்று மேலே துண்டு போர்த்தி, வைகைப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவந்தவன் நான். ஒரு தடவை அல்ல, பல தடவை. கூண்டைத் திறக்கும்போது "நல்லா இரு" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் சந்து சிம்மக்கல்லில், மண்டிகளுக்குப் பின்பக்கம். முன்பக்கம் லாரி, மூட்டை, வெங்காயம். பின்பக்கம் நாங்கள். நடுவில் எலிகள். மசால் வடையில் பாதி எனக்கு, பாதி கூண்டுக்கு என்று எங்கள் வீட்டில் ஒரு பாகப்பிரிவினையே நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் விடியற்காலை பாலத்தைத் தாண்டி செல்லூர்ப் பக்கம் வண்டியை நிறுத்திக் கூண்டை இறக்கினேன். எதிரே ஒரு சைக்கிள் வந்து நின்றது. கேரியரில் கூண்டு. கூண்டில் எலி. அவரும் துண்டுதான் போர்த்தியிருந்தார்.

இரண்டு பேரும் அவரவர் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டோம்.

"அண்ணனுக்கு எங்கிட்டு?" என்றார்.

"சிம்மக்கல்."

"நல்லதாப் போச்சு. அங்கிட்டுத்தான் போய்க்கிட்டிருக்கேன். விடுறதுக்குத் தோதான எடம் எதுண்ணே?"

என் கையில் இருப்பது அவர் தெருவில் விட வந்த எலி. இதில் அவர் என்னிடம் வழி வேறு கேட்கிறார். "மண்டிக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆயுசு பூராவும் கடைக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லிப் பழகிய வாய். அடக்கிக்கொண்டு, "பாலத்துலேர்ந்து நேரா மேக்க போங்க" என்றேன்.

"நீங்க எங்கண்ணே இம்புட்டு தூரம்?"

"சும்மா, காத்து வாங்கலாம்னு."

அவர் என்னைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். "ரெண்டு பேருமா?" என்று கேட்டுவிட்டுப் பெடலை மிதித்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து எலியும் அந்தப் பக்கத்து எலியும் எங்கள் செலவில் மதுரையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஏன் கொல்லவில்லை?

கேட்பீர்கள். எங்கள் சந்தில் எலியைக் கொல்வதற்கு நாள் கிடைக்காது. செவ்வாய், வெள்ளி ஆகாது. சங்கடஹர சதுர்த்தி அன்று பிள்ளையாரின் வாகனத்தில் கை வைக்க முடியாது. சனிக்கிழமை என் வீட்டுக்காரி விரதம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள், நல்லபடியாகச் சாப்பிட வேண்டாமா என்பார்கள். மிச்சமிருக்கிற நாட்களில் எலி மாட்டாது. அதுவும் காலண்டர் பார்க்கும்போல.

மருந்து வைக்கலாம் என்றால் சந்து பூராவும் சின்னப் பிள்ளைகள். அதனால் எல்லோரும் கண்டுபிடித்த ஒரே வழி, அடுத்த தெருவுக்கு அனுப்புவது. அடுத்த தெருவும் அதையே கண்டுபிடித்திருந்தது.

என் தொழிலையும் சொல்ல வேண்டும். பிரஸ் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. நம் ஊரில் ஒருவன் பிறந்தாலும் செத்தாலும் சுவருக்குத் தெரியாமல் நடக்காது. அந்தச் சுவருக்கும் மனுசனுக்கும் நடுவில் நிற்கிறவன் நான். சந்தில் எனக்கு 'பிரஸ் அண்ணன்' என்று பெயர். வெளியூர்க்காரர்கள் நிருபர் என்று நினைத்து மரியாதை கொடுப்பார்கள். நான் திருத்துவதில்லை.

அப்பா காலத்திலேயே பிரஸ்ஸில் எலி உண்டு. அவர் ஒரு பூனையைக் கொண்டுவந்து அதற்கு 'ஃபோர்மேன்' என்று பெயர் வைத்தார். ஃபோர்மேன் மிஷின் சூட்டில் படுத்துத் தூங்கும். எலிகள் அதன் வாலைத் தாண்டிப் போகும், வரும். ஒரு தடவை ஒரு கட்டுப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் எலி கடித்துவிட்டது. பெண் வீட்டார் அபசகுனம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட, பிறகு அந்த மாப்பிள்ளை வேறு யாரையோ கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். எப்போது பார்த்தாலும் எனக்குக் கும்பிடு போடுவார். சரி, அது வேறு கதை.

பால்வாடிக்கு வந்த பூட்டு

பிரஸ்ஸுக்குப் பின்சுவரை ஒட்டி எங்கள் சந்துப் பால்வாடி. ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, சுவரில் நான் இலவசமாக அடித்துக்கொடுத்த அ, ஆ படங்கள். ஜெசிந்தா டீச்சர்தான் அங்கே எல்லாம். கன்னங்கறேலென்று தலைக்குச் சாயம், கையில் எப்போதும் ஒரு குடை. வெயிலுக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

ஒருநாள் டீச்சர் குடையில்லாமல் பிரஸ்ஸுக்கு வந்தார். அப்போதே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"சத்துமாவு மூட்டைய ஓட்ட போட்டுருச்சு. அதுகூடப் பரவால்ல. நேத்து மத்தியானம் பிள்ளைக தூங்குறப்ப தர்ஷினி காலக் கடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி ஊசி போட்டு வந்துருக்கோம்."

"ஆபீஸுக்குத் தெரியுமா டீச்சர்?"

"நான்தான் சொன்னேன். சொல்லாம எப்படி இருக்க? ஆபீஸ்லேர்ந்து மேடம் வந்து பாத்தாக. தீவாளி கழிச்சு மறுபடி வருவாகளாம். இப்படியே இருந்தா இந்த சென்டரைப் பூட்டி, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சென்டரோட சேத்துருவாகளாம்."

மேடம் சொன்னதில் தப்பில்லை. எலி கடிக்கிற அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்க யார் ஒப்புவார்கள்? ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் மண்டியில் வெங்காயம் ஆய்கிறவர்கள். கோழி கூவுமுன் லாரி வந்துவிடும். பால்வாடி சந்துக்குள் இருப்பதால்தான் நடுவில் ஓடிவந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் விடாமல் போகிற மெயின் ரோட்டைத் தாண்டி நாளைக்கு எத்தனை தடவை ஓட முடியும்? பூட்டு விழுந்தால் ஒன்று வேலை போகும், இல்லாவிட்டால் பிள்ளைகள் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டை மேல் வளரும்.

தர்ஷினியின் அம்மா முத்துலட்சுமி. அவளும் மண்டியில் ஆய்கிறவள்தான். ஊசி போட்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அன்று சாயங்காலம் சந்தில் வீடு வீடாக வந்தாள். அழவில்லை. "எங்க பால்வாடி எங்கிட்டும் போகாது. எலிதான் போகணும். கூட்டத்துக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

முன்னோர்களுக்கு ஒரு தீர்மானம்

கூட்டத்துக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள். நாற்காலி என் கடையில்தான் இருந்தது என்பது தவிர வேறு தகுதி எனக்குக் கிடையாது.

யாருக்கும் புதிதாக எதுவும் தெரியாது. தெரிந்ததைத்தான் பேசினோம். பொந்தை அடைக்க வேண்டும். சோற்றை வெளியே கொட்டக்கூடாது. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும்வரை குப்பை, மூடிய வாளியில் இருக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினோம். முத்துலட்சுமி எழுந்து, "காக்காச் சோறு?" என்றாள்.

ஆடிய தலைகள் எல்லாம் நின்றுவிட்டன.

எங்கள் சந்தில் காக்காவுக்குச் சோறு வைக்காமல் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். மதில் மேல், ஜன்னல் மேல், ஏசி பெட்டி மேல், எங்கும் சோறு. காக்கா வந்து ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போகும். மீதி ராத்திரிப் பந்திக்கு.

"அதெல்லாம் நம்ம முன்னோர்க. அவுகளை வேணாம்னு சொல்லச் சொல்றியா?" என்று கேட்டது என் வீட்டுக்காரிதான்.

"வேணாம்னு சொல்லலக்கா. வைங்க. காக்கா வர்ற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க. தின்னுட்டுப் போனதும் மிச்சத்த வழிச்சு எடுத்துட்டு, எடத்தக் கழுவிவிடுங்க."

"காக்கா லேட்டா வந்தா?"

"பசியில இருந்தா சீக்கிரம் வருவாக."

அப்படியாக, சந்தின் முன்னோர்கள் எல்லோரும் காலைப் பலகாரத்துக்குள் சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாளிலிருந்து என் மாமனார் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். உயிரோடு இருந்தபோது பத்து மணிக்கு முன்னால் எழுந்தவரில்லை.

உடைந்த கண்ணாடியும் சிமெண்டும் குழைத்துப் பொந்துகளை அடைத்தோம். சாக்கடைக் குழாய் வாய்க்குக் கம்பிவலை. மாட்டுகிற எலிகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் அழகர்மலை இருக்கிற திசையைப் பார்த்தோம். அங்கே விட்டால் காடு, புண்ணியம் என்று நான் ஆரம்பித்தேன்.

"கூண்ட எங்கிட்ட குடுங்க" என்றாள் முத்துலட்சுமி.

என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒருநாள் என்னையும் கூடக் கூப்பிட்டிருப்பாள்.

தவறி வந்த சரக்கு

அப்படியும் எலி குறையவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், வாயில்தான் வரவில்லை. சந்தின் வாயில், மண்டியின் பின்கதவை ஒட்டி, தினமும் அழுகிய வெங்காயம், உருளைக்கிழங்கு, கிழிந்த சாக்கு என்று ஒரு குன்று எழும்பும். மண்டி முதலாளி எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். சொந்த உழைப்பில் வந்தவர். சந்துக் கோயில் பொங்கலுக்கு அன்னதானம் அவர்தான். என் கடையில் அதிகமாகப் போஸ்டர் அடிக்கிறவரும் அவர்தான். பிறந்தநாளுக்கு ஒன்று, பேரன் மொட்டைக்கு ஒன்று. அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அவரிடம் தினக்கூலி வாங்குகிற முத்துலட்சுமி போனாள். கூடவே வெங்காயம் ஆய்கிற பெண்கள். போனார்கள் என்றால் சும்மா இல்லை. குன்றை அப்படியே சாக்குகளில் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு, மண்டியின் முன்வாசலில், முதலாளியின் மேஜைக்கு நேரே இறக்கினார்கள். நான் தலைவர் என்ற முறையில் எதிர்த்த டீக்கடையில் நின்று ஆதரவு கொடுத்தேன்.

"என்ன இது?" என்றார் முதலாளி.

"ஒங்க சரக்கு மொதலாளி. தவறி எங்க சந்துப் பக்கம் வந்துருச்சு."

"அழுகுனதக் கொண்டாந்து இங்க வைக்கிறியா?"

"ஆயுறப்ப ஒரு பல்லு வெங்காயம் கீழ விழுந்தாலும் எடுத்து வைன்னு சொல்லுவீங்கள்ல. இம்புட்டு கெடந்துச்சு. விட்டுட்டு வர மனசு வரல."

அவ்வளவு மரியாதையான பேச்சுக்கு அவரால் கோபப்படவும் முடியவில்லை. மறுநாளும் அவர் கொட்டினார். மறுநாளும் இவர்கள் கொண்டுபோய் வைத்தார்கள். சரக்கு எடுக்க வந்த வெளியூர் வியாபாரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து மண்டிக்குப் போனார்கள்.

நான் போட்ட வெடி

இதைப் பார்த்து எனக்கும் வீரம் வந்துவிட்டது. என் வீரம் அச்சில்தான் வரும்.

மேலே முதலாளியின் கும்பிட்ட படம். பேரன் மொட்டைக்கு எடுத்த போட்டோ கைவசம் இருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில்: 'எங்கள் பசி தீர்க்கும் வள்ளலே, அள்ளிக் கொட்டும் அன்னதானப் பிரபுவே, நன்றி நன்றி.' அதற்கும் கீழே நம் ஊர் வழக்கப்படி அன்புத் தம்பிகள் வரிசை. கூலிங் கிளாஸ் போட்ட எலி, போன் பேசுகிற எலி, கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிற பெருச்சாளி. கடைசியில்: 'இவண், மண்டிப் பின்சந்து எலிகள், பெருச்சாளிகள் மற்றும் மூஞ்சூறுகள்.'

வழக்கமாக ஒட்டுகிறவருக்கு அதைப் பார்த்ததும் வயிற்றுவலி வந்துவிட்டது. நானே பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போய், மண்டிப் பின்கதவுக்கு எதிர்ச்சுவரில், பொழுது சாயும் நேரத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். யாராவது வருமுன் முடிக்கிற அவசரத்தில் பசை கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது.

காலையில் கடை திறக்கவில்லை, அதற்குள் முதலாளி வாசலில் நிற்கிறார். சாவியை மறுபடி பைக்குள் போட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆயிரம்தான் சண்டை இருந்தாலும் செஞ்சத மறக்கலையேப்பா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு" என்றார்.

ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். பசை என்பது வேறென்ன, காய்ச்சிய மைதா மாவு. எலிகள் கீழ்ப்பாதியைச் சுரண்டித் தின்றுவிட்டிருந்தன. கூலிங் கிளாஸ் இல்லை, போன் இல்லை, இவண் இல்லை. வள்ளலே, அன்னதானப் பிரபுவே, நன்றி நன்றி மட்டும் பளிச்சென்று இருந்தது.

நான் அப்படியே விட்டிருப்பேன். சத்தியமாக. அந்த நேரத்தில் முத்துலட்சுமி சாக்கோடு வந்தாள்.

"மொதலாளி, அது ஒங்களுக்கு எலி ஒட்டுன போஸ்டர். கீழ எலிப் படம் போட்டுருந்துச்சு. அதையும் எலிதான் தின்னுருச்சு. நேத்து நான் பாத்தேன்."

அவர் முகம் மாறியது. என்னைத் திட்டவில்லை. அவளைப் பார்த்து, "நாளைக்கி வேலைக்கு வராத" என்றார்.

"வாரேன் மொதலாளி" என்றாள்.

"வராதங்கிறேன்."

"ஒங்க வெங்காயத்தத் தின்ன எலிதான் என் பிள்ளையக் கடிச்சுச்சு. நான் எதுக்கு வேலைய விட்டு நிக்கணும்? வாரேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "வெங்காயம் வெங்காயம்ங்கிறீங்களே. எலி வெங்காயத்தையா தின்னுருக்கு? மாவத் தின்னுருக்கு. மாவு யாரு வச்சிருக்கா?"

சத்தம் கேட்டுக் கூடியிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தில் அத்தனை கண்கள் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பிரஸ்ஸின் பின்கொட்டகையைத் திறந்தார்கள். பசை வாளிகளுக்கு மூடியே கிடையாது. மூலையில் கழிவுக் காகிதம் இடுப்பளவு. அதைக் கிளறினால், கிழிந்த கல்யாணப் பத்திரிகைகளால் கட்டிய மெத்தையில் எலிக்குஞ்சுகள். ஒன்றின் முதுகுக்கு மேல் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று தங்க எழுத்து. அதற்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து. டீச்சர் குடைக்கம்பியை உள்ளே விட்டார். அந்தப் பக்கம் பால்வாடிக்குள், பிள்ளைகள் பாய் விரிக்கிற இடத்தில், யாரும் தூக்கிப் பார்க்காத அ, ஆ படத்துக்கு அடியிலிருந்து, நுனி எட்டிப் பார்த்தது.

தர்ஷினியின் காலில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது.

முத்துலட்சுமி ஒரு பசை வாளியைத் தூக்கிவந்து என் முன்னால் மெதுவாக வைத்தாள்.

"அண்ணே, ஒங்க சரக்கு. தவறி எங்க பக்கம் வந்துருச்சு."

மறுநாள் மண்டியில்

அன்று பூராவும் கொட்டகையைக் காலி செய்தேன். தலைவர் பதவியோடு துடைப்பமும் கொடுத்திருந்தார்கள். காகிதத்தை எடைக்குப் போட்டு, வாளிகளுக்கு மூடி வாங்கி, அந்தப் பொந்தை நானே கண்ணாடி வைத்துப் பூசினேன். என் பூச்சு வேலையைப் பார்த்துவிட்டு டீச்சர் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டு அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூசச் சொன்னார்.

மறுநாள் விடியலில் நான் டீக்கடையில் நிற்காமல் மண்டி வாசலுக்கே போனேன். வெங்காய லாரி வந்து நின்றது. முத்துலட்சுமி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முதலாளி "எந்திரி" என்றார். அவள் எழுந்தாள். ஆனால் மற்றப் பெண்கள் உட்காரவே இல்லை. சாக்குகள் இறங்க இறங்க, அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி தலையைப் பின்னி முடித்தாள். ஒருத்தி வெற்றிலை மடித்தாள்.

நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, நம்ம ரெண்டு பேரும்தான் அந்தப் பிள்ளையக் கடிச்சோம். என் பங்கக் கழுவிட்டேன். ஒங்க பங்கு இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வெங்காயம் காத்திருக்காது. "ஒக்காருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். யாரை என்று சொல்லவில்லை. எல்லோரும் உட்கார்ந்தார்கள், முத்துலட்சுமி முதலில்.

அந்த வாரமே மண்டியின் பின்கதவில் மூடி போட்ட டிரம்கள் வந்து நின்றன. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருடைய போஸ்டர் ஆர்டர் மட்டும் கோரிப்பாளையம் பக்கம் போய்விட்டது. அங்கேயும் மைதாதான்.

மேடம் வந்தார்

தீபாவளி கழிந்து மேடம் வந்தபோது பால்வாடியில் பினாயில் வாசனை தூக்கியது. பாய்களைத் தூக்கிப் பார்த்தார். மாவு டிரம்மின் மூடியைத் தட்டிப் பார்த்தார். சுவர் மூலையில் குனிந்து டார்ச் அடித்தார். நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். என் கடைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். மூடிய வாளிகளைப் பார்த்து "தண்ணியா?" என்றார். "பசைங்க மேடம்" என்றேன். மூடியை இன்னொரு தடவை அழுத்திவைத்தேன்.

கடைசியில் டீச்சரிடம் சொன்னார். "இப்போதைக்கு இங்கேயே நடக்கட்டும். ஆனா சொல்லிட்டு வர மாட்டேன். எப்ப வேணா வருவேன். ஒரு புழுக்கையப் பாத்தாலும் பூட்டுத்தான்."

ஜீப் சந்தைத் தாண்டியதும் பெண்கள் மண்டிக்குத் திரும்பினார்கள். கொண்டாட நேரமில்லை, அடுத்த லாரி வந்திருந்தது. எனக்கு மட்டும் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. டிரம் ஓட்டையாகலாம். மழை பெய்து சாக்கடை நிரம்பலாம். செல்லூர்க்காரர்கள் இன்னும் திருந்தாமல் இருக்கலாம். தினமும் இப்படியே காவல் காக்க முடியுமா?

முத்துலட்சுமி பின்னால் ஓடினேன்.

"திடுதிப்புன்னு ஒருநாள் மேடம் வந்து நின்னா என்னம்மா செய்ய?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வரட்டும்."